185-ம் 205-ம்: சோழவரத்துல இருந்து மாமா பட்டறை வரைக்கும்

டிஸ்கி: இது கார் ரிவ்யூ இல்ல. எந்த டயர் வாங்கலாம்னு தெரிஞ்சுக்க வந்தவங்க ஏமாந்து போவீங்க. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு, நடுவுல கொஞ்சம் கணக்கு. கணக்கு வர்ற எடத்துல கொட்டாவி வந்தா அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க, தப்பே இல்ல :-)

பெங்களூர்ல பொட்டி தட்டிச் சேர்த்த காசுல ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் போலோ வாங்கினேன். நம்ம வசதிக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வேல, காசு கட்டினா நம்ம சொந்தக் காரையே டிராக்குல ஓட்ட விடுற நாட்கள் உண்டு. ஒரு தடவ போய்ட்டு வந்தேன். அவ்ளோதான், பேய் புடிச்சிருச்சு. திரும்பி வந்ததும் செஞ்ச மொதல் வேலை, கம்பெனி போட்டுக் குடுத்த 185 டயரைக் கழட்டிப் போட்டுட்டு 205 மாட்டினது.

அந்தக் கோலத்துலயே ஊருக்குப் போனேன். எங்க மாமா நாமக்கல்ல லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறை வெச்சிருக்காரு. வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. குனிஞ்சு டயர்ல விரலை வெச்சு அளந்தாரு.

"ஏங்கண்ணு, இத்தினி அகல டயரு எதுக்கு? லோடு ஏத்தப் போறியா?"

"இல்லீங் மாமா, கிரிப்புக்கு. அகலமா இருந்தா ரோட்டைத் தொடுற எடம் ஜாஸ்தியாகுமில்லீங்."

மாமா சிரிக்கக்கூட இல்ல. "அது எப்படி ஜாஸ்தியாகும்? வண்டி வெயிட்டும் அதேதான், காத்தும் அதேதான்?"

பி.ஈ. மெக்கானிக்கல் படிச்சவன் நான். அவரு எட்டாங்கிளாஸ். பதில் வரல. சாப்பிடப் போலாம்னு பேச்சை மாத்திட்டேன். அந்தக் கேள்வி மட்டும் கூடவே பெங்களூர் வந்துருச்சு. அதைத் தேடிப் போனதுலதான் இந்த வரலாறெல்லாம் வந்து மாட்டுச்சு.

நாமக்கல்னா வெளியூர்க்காரங்களுக்கு முட்டையும் ஆஞ்சநேயரும். எங்களுக்கு லாரி. 1997 ஜனவரி 1-ம் தேதி வரைக்கும் நாங்க சேலம் மாவட்டம்தான், அப்புறம்தான் தனி மாவட்டம். மழையை நம்பி வெவசாயம் பண்ண முடியாத பூமி. காட்டை வித்தோ அடமானம் வெச்சோ லாரி வாங்கின குடும்பங்க ஊருக்கு ஊர் இருக்கும். இந்தப் பக்கம் சங்ககிரி லாரி, அந்தப் பக்கம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி, நடுவுல நாமக்கல்ல பாடி கட்டுறது, கேஸ் டேங்கர், ரீட்ரெடிங். இந்தியா பூரா போர் போடப் போன வண்டியும் லோடு ஏத்திட்டுப் போன வண்டியும் டயர் தேய்ஞ்சதும் இங்கதான் வந்து நிக்கும்.

இந்த ஒட்டுற ரப்பருக்கும் மெட்ராஸ் ரேசுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. மாம்மன் மாப்பிள்ளை 1946-ல திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பலூன் செய்ய ஆரம்பிச்சாரு. 1952-ல அவரு எறங்கினது டயர்ல இல்ல, ட்ரெட் ரப்பர்ல. அதாவது தேய்ஞ்ச டயர் மேல ஒட்டுற ரப்பர்ல, எங்க மாமா தொழில்ல. 60-களோட தொடக்கத்துலதான் அமெரிக்க மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோட சேர்ந்து முழு டயரு செய்ய ஆரம்பிச்சாங்க. அதுதான் எம்.ஆர்.எஃப். பின்னாடி இந்திய ரேஸ் காருக்கெல்லாம் டயர் போட்ட கம்பெனி லாரி டயர் ஒட்டு வேலையில இருந்துதான் கிளம்பியிருக்கு. மாமாகிட்ட இதைச் சொன்னப்போ, "பின்ன?"ன்னு மட்டும் கேட்டாரு.

சரி, சோழவரத்துக்கு வருவோம்.

மெட்ராசுக்கு வடக்கே கல்கத்தா ரோட்டுல இருக்கு சோழவரம். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல போட்ட விமான ஓடுதளம். போர் முடிஞ்சதும் விமானம் வரல, ரேஸ்காரங்க வந்தாங்க. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 50-கள்ல இருந்து 80-கள் கடைசி வரைக்கும் அங்க ரேஸ் நடத்துச்சு. ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ரன்வே. நேரா பறந்துட்டு வந்து சுருக்குனு திரும்பணும். அந்த மாதிரி எடத்துல டயர் படுற பாடு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஓடின காரெல்லாம் நம்ம தாத்தா காலத்து கார்தான். ஃபியட், ஹெரால்டு, இஞ்சினைப் பிரிச்சு மேஞ்ச அம்பாசிடர். ஃபியட் டயர் சைஸ் 5.20-14. அகலம் 5.2 இன்ச். மில்லிமீட்டர்ல சொன்னா 132. இன்னிக்குப் பெரிய பைக்குகளோட பின் டயரே அதை விட அகலம்! அதுவும் கிராஸ்ப்ளை. உள்ள நூல் அடுக்குங்க ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கா ஓடும். வளைவுல டயர் மடங்கினா ரோட்டைத் தொடுற பாகமும் சேர்ந்து கோணிக்கும். ரேடியல்ல ஓரச் சுவர் தனியா, ரோட்டைத் தொடுற பாகம் தனியா வேலை பாக்கும். ஓரம் வளைஞ்சாலும் தடம் தட்டையாவே இருக்கும். இந்தியாவுக்கு ரேடியல் வந்ததே ஜே.கே. டயர் புண்ணியத்துல 1977-லதான். அது சாதாரணக் காருக்கெல்லாம் வந்து சேர இன்னும் ரொம்ப வருசம் ஆச்சு. வெளிநாட்டு ரேஸ் டயர் வேணும்னா இறக்குமதி லைசென்ஸ், சுங்க வரின்னு பெரிய ரோதனை. அகல டயர்ங்கறது கடையில கேட்டு வாங்குற சாமானே இல்ல அப்போ.

அதே ரன்வேல 80-களோட தொடக்கத்துல விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டாந்து ஓட்டினாரு. (ஆமாங்க, அதே மல்லையாதான். பின்னாடி நடந்த கதையெல்லாம் இங்க வேண்டாம்.) அந்தக் கால ஃபார்முலா ஒன் காரோட பின் டயர் ஒண்ணு ஏறக்குறைய ஒன்றரை அடி அகலம், மேல ஒரு கோடுகூட இல்லாத மொழுக்கட்டை. அஞ்சு இன்ச் டயரு பாத்தே பழகின ஊர்ல அது வந்து நின்னா எப்படி இருந்திருக்கும்! அதைப் பாத்த அத்தனை பேருக்கும் அன்னிக்கே ஒண்ணு பதிஞ்சிருக்கும்: வேகமான கார்னா டயர் அகலம். எனக்கும் அதுதான் பதிஞ்சிருந்துச்சு, நான் பாத்தது டி.வி.ல.

ஆனா ஃபார்முலா ஒன்லயே எப்பவும் அப்படி இருந்ததில்ல. 61-ல இருந்து 65 வரைக்கும் ஒன்றரை லிட்டர் இஞ்சின்தான். அப்ப எடுத்த போட்டோவுல ஜிம் கிளார்க் காரைப் பாருங்க, இன்னிக்குக் கண்ணுக்கு டயரெல்லாம் குச்சி மாதிரி தெரியும். 1966-ல இஞ்சின் மூணு லிட்டர் ஆச்சு. அவ்ளோ பவரை ரோட்டுல எறக்க பழைய டயரால முடியல. டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் மூணு பேருக்கும் போட்டி. வருசா வருசம் அகலம் ஏறிச்சு. 1971-ல ஃபயர்ஸ்டோன் கோடே இல்லாத ஸ்லிக்கைக் கொண்டாந்துச்சு.

மாமா கேட்ட கேள்விக்குப் பதிலை இங்கதான் தேடணும். (கணக்கு வருது, உஷார்.)

என் காரு சுமாரா 1040 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 260 கிலோன்னு வெச்சுக்கங்க. காத்து 32 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ரெண்டே கால் கிலோ. வகுத்தா 115 சதுர சென்டிமீட்டர் வரும். டயரோட ஓரச் சுவர் தாங்குறதைக் கழிச்சுட்டுப் பாத்தாலும் ஏறக்குறைய அதேதான். ஒரு உள்ளங்கை அளவு. 185 போட்டாலும் 205 போட்டாலும் காத்து மாறாத வரைக்கும் இந்த எடம் பெருசா மாறாது. மாமா சொன்னது நூத்துக்கு நூறு சரி. இப்போ லாரியைப் பாருங்க. ஒரு டயர் மேல ரெண்டரை டன், காத்து 110 பவுண்டு. கணக்குப் போட்டா சுமாரா 325 சதுர சென்டிமீட்டர்தான். எடை பத்து மடங்கு, எடம் மூணே மடங்கு. "லோடு தூக்கறது ரப்பர் இல்ல, காத்து"ன்னு பட்டறையில அவரு அடிக்கடி சொல்றது இதைத்தான்.

அப்போ ஃபயர்ஸ்டோன்காரனும் குட்இயர்காரனும் கிறுக்கனுங்களா? இல்ல. எடத்தோட அளவு மாறாட்டியும் வடிவம் மாறும். நீளமா ஒல்லியா இருந்த தடம் குட்டையா அகலமா ஆகும். திருப்பத்துல தடத்தோட முன்பக்கம் ரோட்டைப் புடிச்சுக்கும், பின்னால போகப் போக ரப்பர் பக்கவாட்டுல இழுபட்டு, கடைசியில இருக்குறதுதான் மொதல்ல வழுக்கும். தடம் குட்டையா இருந்தா அப்படி இழுபடுற தூரம் கம்மி. இன்னொண்ணு, ரப்பர் நம்ம பள்ளிக்கூட உராய்வுப் பாடத்துக்கு அடங்காது. அதுமேல எடையை ரெண்டு மடங்காக்கினா பிடி ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் கம்மியாத்தான் ஏறும். திருப்பத்துல காரோட எடை வெளிப்பக்க டயர் மேல போய் உக்காருதில்ல, அங்க அகல டயருக்கு நஷ்டம் கொஞ்சம் கம்மி.

இதெல்லாம் சில்லறை லாபம்தான். உண்மையான லாபம் வேற எடத்துல இருக்கு. அகலம் இருந்தா மெத்து ரப்பர் போடலாம். மெத்து ரப்பர் நல்லாப் புடிக்கும், ஆனா சீக்கிரம் சூடேறிக் கரைஞ்சு போகும். அந்தச் சூட்டையும் தேய்மானத்தையும் அதிக ரப்பர்ல பரப்பி விட்டா தாக்குப் புடிக்கும். அகல டயர் கிரிப்பைக் குடுக்கறதில்ல மக்களே, கிரிப் குடுக்குற ரப்பருக்கு எடம் குடுக்குது. நானோ, 205 அகலத்துல, அம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும்னு கடைக்காரர் சொன்ன கெட்டி ரப்பரை வாங்கி மாட்டியிருந்தேன். அவ்வ்வ்வ்வ்...

இதுக்கு ஃபார்முலா ஒன்லயே ஒரு சாட்சி இருக்கு. 1976-ல டிரெல் டீம் ஆறு சக்கரக் கார் ஒண்ணைக் கொண்டாந்துச்சு. முன்னாடி மட்டும் நாலு சக்கரம், எல்லாம் பத்து இன்ச் ரிம் குட்டிச் சக்கரம். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த வருசம் ஸ்வீடன் ரேஸ்ல அது மொதல் ரெண்டு எடத்தையும் புடிச்சிருச்சு. அப்புறம் ஏன் செத்துச்சு? குட்இயர் மத்த டீமுக்கெல்லாம் புதுப்புது ரப்பர் கொண்டாந்துச்சு, இந்த ஒரு காருக்காக குட்டி டயரைத் தனியா மேம்படுத்தல. ரப்பர் பின்தங்குச்சு, காரும் பின்தங்குச்சு. அகலத்தைப் பொறுத்தவரை அதுக்கப்புறம் விதி போடுறவங்கதான் விளையாடினாங்க. 1993-ல பின் டயரை 18 இன்ச்ல இருந்து 15-க்குக் குறைச்சாங்க. 98-ல டயர்ல கோடு வெட்டச் சொன்னாங்க. 2009-ல மறுபடியும் மொழுக்கட்டை. 2017-ல பின் டயர் 325 மில்லிமீட்டர்ல இருந்து ஒரே தாவா 405 ஆச்சு. காரோட வேகத்தைக் கூட்டணுமா குறைக்கணுமா, டயர்ல கை வெச்சாப் போதும்னு அவங்களுக்குத் தெரியும்.

நம்ம பக்கம் இந்தக் கதையில ஒரு பெரிய ஆளு உண்டு. கோயமுத்தூர் கரிவரதன். மல்லையா மாதிரி காரை இறக்குமதி பண்ண எல்லாராலயும் முடியாது. இவரு மாருதி 800-ஓட 796 சிசி இஞ்சினை வெச்சு, ஒத்தை சீட்டு ரேஸ் காரை இங்கயே கட்டினாரு. ஃபார்முலா மாருதி. கம்மி பவர், கம்மி காசு. ஓட்டுறவனோட கைதான் பேசணும். சோழவரம் முடிஞ்சு 1990-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில நெசமான ரேஸ் டிராக் வந்துச்சு, மூணே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அங்க ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் நரேன் கார்த்திகேயன் கிளம்பினாரு. கரிவரதன் 1995-ல விமான விபத்துல போயிட்டாரு. 2.1 கிலோமீட்டர் செட்டிபாளையம் டிராக் அவரு பேருலதான் இருக்கு. நான் 205-ஐ மாட்டிட்டுப் போய் அசிங்கப்பட்ட எடமும் அதுதான்.

என்ன ஆச்சுன்னா, ரெண்டாவது ரவுண்டுலயே முன் வீல் ஆர்ச்சுல டயர் உரசுற சத்தம். பிளாஸ்டிக் கருகுற வாசனை. ஸ்டியரிங் முழுசா ஒடிச்சாத்தான் உரசும்னு நெனச்சேன், பிரேக் புடிச்சு முன்பக்கம் அமுங்கினாலே உரசுச்சு. என்னை மாதிரியே போலோ வெச்சிருந்த ஒரு நண்பர், அதே பழைய 185 அகலத்துல மெத்து ரப்பர் டயர் போட்டுக்கிட்டு, என்னை உள்பக்கமா தாண்டிப் போனாரு. கையக்கூட ஆட்டிட்டுப் போனாரு மனுசன்.

அதை விட மோசம் அடுத்த மாசம். ராத்திரி நல்ல மழை. தொப்பூர் எறக்கத்தை உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு எறங்கி, அப்பாடான்னு ஓமலூர் பக்கம் சமதளத்துக்கு வந்துட்டேன். ரோட்டோரம் தண்ணி தேங்கிக் கெடந்துச்சு. டிராக்குல ஏற்கனவே தேய்ஞ்ச டயரு. திடீர்னு ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாச்சு. ஒரு செகண்ட், ஒன்றரை செகண்ட் இருக்கும். காரு தண்ணி மேல மிதந்துச்சு. பக்கத்து லேன்ல லோடு லாரி ஒண்ணு அதே தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு ஆடாம அசையாமப் போச்சு. காத்து அழுத்தம் எவ்ளோ ஜாஸ்தியோ, டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கிற வேகமும் அவ்ளோ ஜாஸ்தி. லாரிக்கு 110, எனக்கு 32. இதுல நான் அகலத்தையும் கூட்டி, மிதக்க நல்லா வசதி பண்ணிக் குடுத்திருந்தேன். சேலம் பைபாஸ்ல ஒரு டீக்கடையில நிறுத்தி, கை நடுக்கம் நிக்கறதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சேன்.

(சட்டமும் ஒண்ணு இருக்கு. கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. சக்கரத்துல கை வெக்கிறவங்க அதையும் ஒரு தடவ படிச்சுட்டு வைங்க.)

மறுநாள் காலையில மாமா பட்டறைக்குப் போனேன். டயரைக் கழட்டிப் போட்டுப் பாத்தாரு. வெளி ஓரம் மட்டும் வழுவழுன்னு தேய்ஞ்சிருந்துச்சு, நடுவும் உள் ஓரமும் கிட்டத்தட்ட புதுசு. "நடுவுல தேஞ்சா காத்து ஜாஸ்தி. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. இது ஒரு ஓரம் மட்டும். சக்கரம் நிக்கிற நெலையே சரியில்ல, டயரு படுத்துக்கிட்டு ஓடியிருக்கு. நீ காசு குடுத்து வாங்குன அகலத்துல பாதி ரோட்டையே பாக்கல கண்ணு." கேம்பர்னு ஒரு செமஸ்டர் பூரா படிச்சேனே, அதை அவரு மூணு வரியில முடிச்சுட்டாரு.

அன்னிக்குத்தான் அவருக்கு இண்டியானாபோலிஸ் கதையைச் சொன்னேன். 2005 ஜூன் 19. நரேன் கார்த்திகேயன், நம்ம நாட்டுல இருந்து ஃபார்முலா ஒன் போன மொதல் ஆளு, ஜோர்டன் டீம்ல மொதல் வருசம். வெள்ளிக்கிழமை பயிற்சியில ரால்ஃப் ஷூமாக்கரோட டயர் போய், சரிவா மேடேத்தின 13-வது திருப்பத்துல காரு சுவத்துல மோதிருச்சு. மிஷ்லின் டயர். தங்களோட டயர் அந்தத் திருப்பத்துல ரேஸ் பூரா தாங்காதுன்னு மிஷ்லினே சொல்லிருச்சு. அந்த வருச விதிப்படி ரேஸ் நடுவுல டயர் மாத்தவும் கூடாது. சமரசம் பேசிப் பாத்தாங்க, நடக்கல. ஞாயித்துக்கிழமை ஃபார்மேஷன் லேப் முடிஞ்சதும் மிஷ்லின் போட்ட 14 காரும் வரிசையா பிட்டுக்குள்ள போயிருச்சு. ஓடினது பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறே கார். நரேன் நாலாவதா வந்தாரு. அஞ்சு பாயிண்ட். ஒரு இந்தியன் வாங்கின மொதல் ஃபார்முலா ஒன் பாயிண்ட். ஆறு பேர் ஓடின ரேஸ்ல வந்ததுதானேன்னு அப்பவே கிண்டல் பண்ணினாங்க, இன்னமும் பண்றாங்க. எனக்கு அந்தக் கிண்டல் புடிக்காது. தாங்குற டயரைப் போட்டுக்கிட்டுக் கடைசி வரைக்கும் ஓட்டி முடிக்கிறதும் ரேஸ்தான்.

மாமா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "அவங்க டயரு அகலம் கம்மியா?"

"இல்லீங் மாமா. ரெண்டு கம்பெனிக்கும் ஒரே விதிதான்."

"ரப்பர் பிச்சுக்கிட்டுப் போச்சா?"

"இல்லீங். ஓரச் சுவர்தான் தாங்கலைன்னாங்க."

"கேசிங்கு"ன்னாரு. பக்கத்துல அடுக்கியிருந்த லாரி டயரை ஒரு தட்டு தட்டினாரு. "மேல இருக்கற ரப்பரை மூணு தடவகூட ஒட்டிக் குடுப்பேன். கேசிங் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. பட்டறைக்கு டயரு வந்தா மொதல்ல கையை உள்ள உட்டுத் தடவிப் பாப்போம். அகலத்த எவன் பாத்தான்?"

205-ஐக் கழட்டியாச்சு. பாதி வெலைக்குப் போச்சு, அதைப் பத்திப் பேச வேண்டாம். பழைய அகலம் 185-லயே கொஞ்சம் மெத்து ரப்பரா வாங்கிப் போட்டேன், முன் சக்கரக் கேம்பரையும் சரி பண்ணினேன். அடுத்த தடவ செட்டிபாளையம் போறப்போ மாமாவும் வர்றேன்னாரு. திருச்செங்கோடு, ஈரோடு வழியா போனோம். வழி பூரா எதிர்ல வர்ற லாரி டயரையெல்லாம் பாத்துக் குறை சொல்லிட்டே வந்தாரு.

டிராக்குல எறங்குறதுக்கு முன்னாடி சட்டைப் பையில இருந்து சாக்பீஸ் எடுத்து, நாலு டயரோட ஓரத்துலயும் குறுக்கே கோடு போட்டாரு. பட்டறையில கேசிங்குக்கு அடையாளம் போடுற அதே சாக்பீஸ். எதுக்குங் மாமான்னு கேட்டேன். ஓட்டிட்டு வான்னாரு. நாலு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். முன் டயர் ரெண்டுலயும் கோடு ஓரச் சுவர்ல ரெண்டு விரக்கடை வரைக்கும் அழிஞ்சிருந்துச்சு. டயர் அவ்ளோ தூரம் படுத்திருக்கு. வெளிநாட்டு ரேஸ் மெக்கானிக்குங்களும் இதையே செய்வாங்கன்னு நான் ஒரு புஸ்தகத்துல படிச்சிருந்தேன். செய்யணும்னு மட்டும் தோணவே இல்ல.

மாமா தன்னோட லாரி கேஜை எடுத்து வெச்சாரு. 160 பவுண்டு வரைக்கும் காட்டுற கேஜ், என் டயர்ல முள்ளு ஆரம்பத்துலயே நின்னு முழிச்சுது :-)

"ரெண்டு பவுண்டு ஏத்து"ன்னாரு. ஏத்தினேன். மறுபடியும் கோடு போட்டாரு. இந்தத் தடவ ஒரு விரக்கடைதான் அழிஞ்சுது. ரவுண்டுக்கு ஒரு செகண்டும் கொஞ்சமும் குறைஞ்சிருந்துச்சு. மாமா அதைக் கேட்டுக்கல. பக்கத்துல நின்ன யாரோ ஒருத்தரோட காருகிட்டப் போய்க் குனிஞ்சு, விரலை வெச்சு அகலத்தை அளந்துட்டு இருந்தாரு.